கையொப்பம் உண்டு; உறுதி எங்கே?

(நியாயவாதிகளும் ஆசிரியர்களும் வைத்தியர்களும் கமக்காரர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றப்பெற்ற உரை)



சர்வதேச உடன்படிக்கைகளைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றவுடன், பின்வரிசையில் இருக்கும் பெரியவர்கள் சிலர், “இது அப்புக்காத்துமாரின் விஷயம், வெங்காயச் செய்கைக்கும் இதற்கும் என்ன?” என்று தம்முள் பேசிக்கொள்வது எமக்குத் தெரியாமல் இல்லை. அந்தக் கேள்வியையே நாம் முதலில் எடுத்துக்கொள்ளுகிறோம்.

இருவர் வேலியோரத்தில் நின்று ஒரு காணிக்கு விலை பேசுகின்றனர். வெற்றிலை மாற்றுகின்றனர். ஊரவர் நால்வர் சாட்சியாக நிற்கின்றனர். ஆயினும் நொத்தாரிசு முன்னிலையில் உறுதி முடியவில்லையானால் என்ன நடக்கும்? 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி அந்தப் பேச்சுக்குச் சட்டத்தில் வலுவில்லை. வாக்குக் கொடுத்தவனுடைய மானம் போகலாம். ஆனால் காணி கைமாறாது. இதனை இங்குள்ள கமக்காரர் எவருக்கும் நாம் கற்பிக்கவேண்டியதில்லை. எங்களில் பலருக்கு இதனைக் கற்பித்தவர்களே அவர்கள்தாம்.

ஓர் அரசு அன்னிய நாட்டு மேசையொன்றில் இடுகின்ற கையொப்பமும் இத்தகைய வேலியோரத்து வாக்கே. அதனை நாட்டினுள்ளே உயிர்பெறச் செய்யும் உறுதி, பாராளுமன்றம் இயற்றுகின்ற சட்டமாகும். எல்லா நாட்டிலும் இவ்வாறென்று எண்ணவேண்டா. ஒல்லாந்தின் அரசியலமைப்பிலே, எவரையும் கட்டுப்படுத்தும் இயல்புடைய உடன்படிக்கை வாசகம் உள்நாட்டுச் சட்டத்திற்கும் மேலாக நிற்கும். பிரித்தானியாவும் அதனிடமிருந்து சட்டமுறையைப் பெற்ற நாடுகளும் வேறு வழி செல்கின்றன. இலங்கை இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

இம்முறை எதற்காகப் பிறந்தது என்பதை மறத்தல் ஆகாது. 1879இல் ஆங்கில நீதிமன்றத்தில் “பார்லமென்ட் பெல்ஜ்” என்னும் பெல்ஜிய அஞ்சற் கப்பலைப் பற்றிய வழக்கொன்று வந்தது. அக்கப்பலை எவரும் வழக்கில் இழுக்கமுடியாதவாறு காக்கும் சலுகையை, முடியரசு ஓர் உடன்படிக்கை மூலம் கொடுத்திருந்தது. பாராளுமன்றத்தைக் கேளாமல், குடிமக்களின் வழக்காடும் உரிமையை முடி தன் கையொப்பத்தினாற் பறித்துவிட முடியாது என்று நீதிபதி சொன்னார். மேன்முறையீட்டில் வேறொரு காரணத்தால் வழக்கின் முடிவு மாறியது, கொள்கையோ நிலைத்துவிட்டது. அரசன் குடிமக்களின் உரிமையைப் பிறநாட்டில் விற்றுவிடாமல் இருப்பதற்காக எழுந்த மதில் அது. குடிமக்களைக் காக்க எழுப்பிய மதில் இந்நாட்டிலே எந்தப் பக்கம் திரும்பி நிற்கின்றது என்பதே இன்று நாம் கேட்கவந்த கேள்வி.

ஐம்பது ஆண்டுத் தண்டனை

குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயத்தில் இலங்கை 1980இல் சேர்ந்தது. அதன் விருப்பத் துணைச் சமவாயத்தில் 1997இல் சேர்ந்தது. உள்நாட்டு நீதிமன்றங்களில் எல்லாப் படிகளையும் ஏறி இறங்கியும் நியாயம் கிடையாத தனியாள் ஒருவர், ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழுவிடம் முறையிடலாம் என்பதே அத்துணைச் சமவாயத்தின் சாரம். உலகம் கைதட்டியது. நம்மவரும் மகிழ்ந்தனர்.

சிங்கராசா என்பவருடைய வழக்கு அந்தக் கதவைத் தட்டிற்று. 1993இல் கைதானவர் அவர். 1995இல் கொழும்பு மேல் நீதிமன்றம் அவருக்கு ஐம்பது ஆண்டுச் சிறை விதித்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை முப்பத்தைந்தாகக் குறைத்தது. தண்டனைக்கு அடிப்படையாயிருந்தது யாது? பொலிசாரிடம் அவர் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட குற்ற ஒப்புதல் வாக்குமூலம். அது எழுதப்பட்டிருந்ததோ சிங்களத்தில். கீழே இருந்தது அவருடைய பெருவிரல் அடையாளம். சித்திரவதை செய்து பெறப்பட்டது என்று அவர் சொன்னார். ஆனால் 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ், வாக்குமூலம் தானாகக் கொடுக்கப்படவில்லை என்பதை நிரூபிக்கும் பாரம் அதனைக் கொடுத்தவரின் தலைமேலேயே சுமத்தப்பட்டிருந்தது. மூடிய அறையில் நடந்ததை, அறைக்குள் தனியே இருந்தவன் எவ்வாறு நிரூபிப்பான்?

2004 யூலையில் மனித உரிமைக் குழு தன் கருத்தைத் தெரிவித்தது. நியாயமான விசாரணை பெறும் உரிமை மீறப்பட்டது, தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லாதிருக்கும் உரிமை மீறப்பட்டது, அவரை விடுவிக்கவேண்டும் அல்லது மறுவிசாரணை செய்யவேண்டும், நட்டஈடும் கொடுக்கவேண்டும். அந்தக் கருத்தைக் கையிற் கொண்டு அவர் உயர் நீதிமன்றத்துக்கு வந்தார்.

2006 செப்டெம்பர் 15இல் ஐந்து நீதியரசர் கொண்ட ஆயம் தீர்ப்பளித்தது. இலங்கையிலே சர்வதேசச் சட்டம் வேறு, உள்நாட்டுச் சட்டம் வேறு. சமவாயத்தின் உரிமைகளைப் பாராளுமன்றம் சட்டமாக்கவில்லை. ஆகவே அவை நீதிமன்றத்தில் எடுத்தாளத் தக்கவையல்ல. அத்துடன் நின்றிருந்தால், அது பழைய மதிலின் பழைய கல் என்று சொல்லியிருப்போம். தீர்ப்பு அதற்கப்பாலும் சென்றது. துணைச் சமவாயத்தில் சேர்ந்ததன்மூலம், மக்களின் நீதி அதிகாரத்தின் ஒரு பகுதியை ஜெனீவாவிலுள்ள குழுவொன்றுக்குச் சனாதிபதி கொடுக்க முற்பட்டார். அது அவருடைய அதிகாரத்திற்கு அப்பாற்பட்டது. அரசியலமைப்புக்கு முரணானது என்று கூறியது.

அன்பர்களே, இதன் பொருளை நின்று நோக்குங்கள். இந்த அரசு துணைச் சமவாயத்தினின்றும் விலகவில்லை. உலக அரங்கில் அது கட்டுப்பட்ட அரசு. இலங்கைக்கு எதிரான முறைப்பாடுகளை அக்குழு அதன் பின்னரும் ஏற்று ஆராய்ந்துள்ளது. உள்நாட்டில் மட்டும் அந்தக் கையொப்பம் பிறவாத பிள்ளை! தன் உள்நாட்டுச் சட்டத்தைக் காட்டி உடன்படிக்கையை மீறமுடியாது என்பது 1969ஆம் ஆண்டின் வியன்னாச் சமவாயத்தில் 27ஆம் உறுப்புரை எழுதிவைத்த விதி. ஆனால் அந்த விதி அரசுக்கும் அரசுக்கும் இடையிலே பேசுகின்றது. சிறைக்கூடத்தில் இருப்பவனோடு அது பேசுவதில்லை.

அக்குழு நீதிமன்றமன்று. அது கூறுவது தீர்ப்பன்று, கருத்து. ஒரு கருத்தைக் கேட்டுத் தன் தீர்ப்பைத் தானே மீளப் பார்க்கும் நீதிமன்றம், தன் அதிகாரத்தை எவருக்கும் இழந்துவிடுவதில்லை. ஐவர் கொண்ட ஆயம் சொன்னதை அதனிற் பெரிய ஆயமொன்று மீள ஆராயலாம். இங்கிருக்கும் இளம் நியாயவாதிகள் இதனைக் குறித்துக்கொள்வார்களாக.

இறால் பண்ணையின் கதை

இப்பொழுது மட்டக்களப்புக்கு வருவோம். கொக்கட்டிச்சோலைப் பகுதியில் ஓர் இறால் பண்ணை இருந்தது. ஹொங்கொங்கைச் சேர்ந்த நிறுவனம் ஒன்றுக்கு அதிலே பங்கு உண்டு. 1987 சனவரி 28இல் பாதுகாப்புப் படையினரின் நடவடிக்கை ஒன்றின்போது பண்ணை அழிந்தது. ஊழியர் இருபதின்மருக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

அந்த வெளிநாட்டு நிறுவனம் என்ன செய்தது? இலங்கைக்கும் பிரித்தானியாவுக்கும் இடையே 1980இல் முதலீட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தம் ஒன்று கைச்சாத்தாகியிருந்தது. அது ஹொங்கொங்குக்கும் விரிக்கப்பட்டிருந்தது. தகராறு வந்தால் எந்த மன்றுக்குப் போவது என்பதும் அதிலே எழுதப்பட்டிருந்தது. நிறுவனம் கொழும்பு நீதிமன்ற வாயிலை மிதிக்கவேயில்லை. உலக வங்கியைச் சார்ந்த முதலீட்டுத் தகராறு மன்றுக்கு நேரே சென்றது. 1990 யூனில் மன்று தீர்ப்புக் கூறியது: பண்ணையை அழித்தவர் எவர் என்பது ஐயமற நிரூபிக்கப்படவில்லை, ஆயினும் முன்னெச்சரிக்கை எடுக்கவேண்டிய அரசு எடுக்கத் தவறியது, ஆகவே 4,60,000 அமெரிக்க டொலரும் வட்டியும் கொடுக்கவேண்டும்.

நாம் அந்த நிறுவனத்தின்மீது குறை சொல்லவில்லை. அதற்குக் கிடைத்தது நியாயமே. நாம் கேட்பது வேறு. அதே நாள், அதே மண், அதே புகை. பங்குதாரரின் நட்டம் அளக்கப்பட்டது. இறந்த தொழிலாளியின் மனைவியின் நட்டம் அந்த மன்றில் ஒரு கேள்வியாகவே எழவில்லை, எழவும் முடியாது. ஏனெனில் அவள் இந்நாட்டுப் பிரசை. அன்னியனுக்கு உடன்படிக்கை உண்டு, சொந்தக் குடிக்கு உடன்படிக்கை “சட்டமாக்கப்படவில்லை.”

இது தற்செயலாக நேர்ந்ததென்று நினைத்தல் தவறு. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பைத் திறந்து 157ஆம் உறுப்புரையைப் படியுங்கள். வெளிநாட்டு முதலீட்டைப் பாதுகாக்கும் உடன்படிக்கையொன்றை, நாட்டின் பொருளாதார வளர்ச்சிக்கு இன்றியமையாதது என்று பாராளுமன்றம் மூன்றில் இரண்டு பங்கு வாக்கினால் ஏற்றுக்கொண்டால், அது சட்டவலுப் பெறும். தேசியப் பாதுகாப்புக்காக அல்லாமல் அதற்கு முரணாக எந்தச் சட்டமும் இயற்றப்படலாகாது. எந்த நிருவாகச் செயலும் செய்யப்படலாகாது! ஆகவே, உடன்படிக்கைக்கு உள்நாட்டில் உயிர்கொடுக்கும் வழி இந்த அரசியலமைப்பை எழுதியோருக்குத் தெரியாமல் இருக்கவில்லை. பணத்துக்கு அந்த வழியைத் திறந்தனர். மனிதனுக்குத் திறக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். சிங்கராசா தீர்ப்புக்கு அடுத்த ஆண்டு, 2007இல், சமவாயத்தை நடைமுறைப்படுத்தும் சட்டம் என்ற பெயரில் 56ஆம் இலக்கச் சட்டம் வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் வரிச்சலுகையைக் காப்பாற்றும் தேவை அப்போது கண்முன் நின்றது. சமவாயத்திலுள்ள உரிமைகளிற் சிலவற்றைப் பொறுக்கி எடுத்து, மற்றவை வேறு சட்டங்களில் ஏற்கெனவே உண்டென்று விட்டுவிட்டனர். 2008இல் உயர் நீதிமன்றமும் அவ்வாறே கருத்துக் கூறியது. ஐரோப்பியர் அதனால் திருப்தியடையவில்லை. 2010 ஓகஸ்டில் சலுகையை நிறுத்தினர். 2017இலேதான் மீளக் கொடுத்தனர். அச்சட்டத்தில் பகைமையைத் தூண்டுவதைத் தடுக்கும் 3ஆம் பிரிவு ஒன்று உண்டு. 2019இல் அதன்கீழ்க் கைதாகி மாதக்கணக்கில் விளக்கமறியலில் இருந்தவர் யார் தெரியுமா? சிறுகதை எழுதிய ஒரு சிங்கள எழுத்தாளர்! உரிமைச் சமவாயத்தின் பெயரால் எழுதுகோல் பறிக்கப்பட்டது. வெளியாரைச் சமாதானப்படுத்துவதற்காக மட்டும் ஆக்கப்பட்ட சட்டம் வீட்டுக்குள்ளே எப்படி வேலைசெய்யும் என்பதற்கு இது போதும்.

ஒப்பந்தமும் அவசரகால விதியும்

1987 யூலை 29இல் கைச்சாத்தான இந்திய–இலங்கை ஒப்பந்தத்தைப் பற்றி நம்மவர் பேசாத மேடையில்லை. அரசியலை இன்று விடுவோம்; சட்டத்தை மட்டும் பார்ப்போம். வடக்கும் கிழக்கும் தற்காலிகமாக ஒரே நிருவாக அலகாகும். பின்னர் கிழக்கிலே மக்கள் தீர்ப்பு நடைபெறும். அதனைச் சனாதிபதி ஒத்திவைக்கலாம் என்பது வாக்கு. அந்த வாக்குக்கு உறுதி எழுதியது 1987ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டம். அதன் 37ஆம் பிரிவோ, ஆயுதங்கள் ஒப்படைக்கப்பட்டு மோதல் ஓய்ந்துள்ளது என்று சனாதிபதி திருப்தியடைந்தாலன்றி இணைப்புப் பிரகடனம் செய்யலாகாது என்றது. 1988இல் நிபந்தனை நிறைவேறியிருக்கவில்லை. என்ன செய்தனர்? அவசரகால விதியொன்றினால் அந்த நிபந்தனையைத் திருத்திவிட்டு இணைத்தனர்.

அவசரகால விதி என்னும் மணலில் கட்டிய வீடு பதினெட்டு ஆண்டுகள் நின்றது. 2006 ஒக்டோபர் 16இல், சிங்கராசா தீர்ப்பு வந்து ஒரு மாதத்தின் பின், உயர் நீதிமன்றம் அவ்விணைப்புத் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்றது. 2007 சனவரி 1 முதல் இரு மாகாணங்களும் பிரிந்தன.

தீர்ப்பைக் கண்டிப்பது எளிது. நாமும் அதனை ஏற்கவில்லை. ஆனால் நியாயவாதியின் கண்கொண்டு நோக்கினால், அந்தக் குழியை வெட்டியவர்கள் 1988இல் இருந்தவர்களே. பாராளுமன்றத்தில் பெரும்பான்மை இருந்தது. ஒரு வரித் திருத்தச் சட்டம் போதியதாயிருந்திருக்கும். டில்லியில் இருந்த சட்ட வல்லுநரும் அதனைக் கேட்கவில்லை. நம்மிடையே இருந்தவரும் கேட்கவில்லை. இறால் பண்ணைக்காரனின் ஒப்பந்தத்தில் தகராறு மன்று எழுதப்பட்டிருந்தது. இலட்சக்கணக்கான மக்களின் வாழ்வைப் பற்றிய ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வாசகமேனும் இல்லை.

இந்தியா தன் சொந்த நிலத்தைப் பற்றி எவ்வளவு கவனமாயிருந்தது என்பதை இதனோடு ஒப்பிடுங்கள். 1958இல் நேருவும் பாகிஸ்தான் பிரதமர் நூனும் பெருபாரி என்னும் நிலப்பகுதியைப் பங்கிட உடன்பட்டனர். அரசியலமைப்பைத் திருத்தாமல் ஓர் அங்குல நிலத்தையும் கொடுக்கமுடியாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1960இல் கருத்துரைத்தது. பின்னர் வங்காளதேசத்துடன் 1974இல் செய்த எல்லை உடன்பாடு முழுமை பெறுவதற்கு 2015ஆம் ஆண்டில் 100ஆவது திருத்தம் வரவேண்டியிருந்தது. நாற்பத்தொரு ஆண்டுகள்! உள்நாட்டுச் சட்டம் வெளிநாட்டு உறவை எவ்வளவு காலம் வாயிலிலே நிறுத்திவைக்கும் என்பதற்கு இதனிலும் பெரிய சான்று வேண்டுமா?

எப்பாவலையும் வலோனியாவும்

மதில் முழுவதும் கல்லன்று. அதிலே கதவும் உண்டு. இதனைக் காட்டியவர்கள் கமக்காரர்களே. அனுராதபுர மாவட்டத்து எப்பாவலையில் உள்ள பொசுபேற்றுப் படிவை அமெரிக்க நிறுவனமொன்றோடு சேர்ந்து அகழ்வதற்கு அரசு உடன்பாடு பேசியது. ஏறக்குறைய 12,000 பேர் இடம்பெயர நேரிடும் என்ற நிலை. அங்குள்ள சிங்களக் கமக்காரரும் விகாரையின் தேரரும் உயர் நீதிமன்றத்துக்குச் சென்றனர். 2000ஆம் ஆண்டு யூனில் நீதிமன்றம் அத்திட்டத்தைத் தடுத்தது. எதன் துணைகொண்டு? 1972இன் ஸ்டொக்ஹோம் பிரகடனமும் 1992இன் ரியோ பிரகடனமும் கூறும் கோட்பாடுகளின் துணைகொண்டு. அவை உடன்படிக்கைகள்கூட அல்ல, வெறும் பிரகடனங்கள். இந்தப் பாராளுமன்றம் அவற்றைச் சட்டமாக்கியதில்லை. ஆயினும் வயலையும் குளத்தையும் காப்பாற்ற அவை பயன்பட்டன. அதே ஆண்டில் வீரவன்ச என்பவரின் வழக்கிலும், தடுத்துவைக்கப்பட்டவரை நீதிபதிமுன் கொண்டுவரவேண்டும் என்பதற்கு இதே சமவாயம் எடுத்தாளப்பட்டது. 2000இல் திறந்த கதவை 2006இல் சாத்தினர் என்பதே எமது துணிபு.

இரண்டாவது எடுத்துக்காட்டு பெல்ஜியத்திலிருந்து. அந்நாடு ஒரு சமஷ்டி. தன் அதிகாரத்துக்குட்பட்ட விடயங்களில் மாநிலங்களுக்கும் உடன்படிக்கை பற்றிய உரிமை உண்டென அதன் அரசியலமைப்பு வகுத்துள்ளது. ஐரோப்பிய ஒன்றியம் கனடாவோடு வணிக உடன்படிக்கை ஒன்றுக்கு ஏழாண்டுகள் பேசி முடித்தது. 2016 ஒக்டோபரில், ஏறத்தாழ 36 இலட்சம் மக்களைக் கொண்ட வலோனியா மாநிலத்தின் சட்டசபை “நாம் ஒப்பமாட்டோம்” என்றது. தம் கமக்காரரின் நிலையும், அரசுகளை நிறுவனங்கள் வழக்கில் இழுக்கும் தனிமன்றும் அவர்களுக்குக் கவலை தந்தன. ஐம்பது கோடி மக்களின் ஒன்றியம் நின்றது. இரு கிழமைக்குள் அவர்களுக்கு விளக்கங்களும் உத்தரவாதங்களும் எழுத்திலே கொடுக்கப்பட்டன. அதன் பின்னரே ஒக்டோபர் 30இல் கையொப்பம் வைக்கப்பட்டது.

இங்கே எப்படி? விவசாயமும் கமநல சேவைகளும் மாகாண நிரலில் உள்ளன என்று பதின்மூன்றாவது திருத்தம் சொல்லுகின்றது. வெளிநாட்டு அலுவல்களும் வெளிநாட்டு வணிகமும் மத்தியின் நிரலில். சிங்கப்பூருடன் 2018 சனவரியில் ஒரு வணிக உடன்படிக்கை கைச்சாத்தாகி மே மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. முன்கூட்டியே பாராளுமன்றத்தைக் கேட்கவேண்டும் என்றுகூட அரசியலமைப்பு வற்புறுத்தவில்லை. மாகாண சபையைக் கேட்பது எங்கே! அறுவடைக் காலத்தில் பிறநாட்டு வெங்காயமும் உருளைக்கிழங்கும் எந்த வரியோடு வந்திறங்கும் என்பதைத் தீர்மானிக்கும் மேசையில், யாழ்ப்பாணத்துக் கமக்காரனுக்கு நாற்காலி இல்லை. நுவரெலியாக் கமக்காரனுக்கும் இல்லை. பின்வரிசைப் பெரியவர்கள் கேட்ட கேள்விக்கு இதுவே எமது விடை.

ஆகவே புதிய அரசியலமைப்பு என்ற பேச்சு எழும்போதெல்லாம் நாம் முன்வைக்க வேண்டியவை சில உண்டு. எந்த உடன்படிக்கையும் கையொப்பத்தின் பின் செயல்வலுப் பெறுமுன், தமிழிலும் சிங்களத்திலும் முழு வாசகத்தோடு பாராளுமன்றத்தின் மேசையில் வைக்கப்படவேண்டும். மனித உரிமைச் சமவாயங்களுக்கு, 157ஆம் உறுப்புரை முதலீட்டுக்குக் கொடுத்த அதே வலுவைக் கொடுக்கவேண்டும். ஒரு சொல் கூடவும் வேண்டா, குறையவும் வேண்டா. மாகாண நிரலிலுள்ள விடயத்தைத் தொடும் உடன்படிக்கைக்கு மாகாண சபையின் கருத்தை எழுத்திலே பெறவேண்டும். இவற்றுள் எதுவும் தமிழருக்கு மட்டும் உரிய கோரிக்கையன்று. எப்பாவலைக் கமக்காரனும் சிறையிலிருந்த சிங்கள எழுத்தாளனும் இவற்றால் நன்மை பெறுவர். தென்னிலங்கை நியாயவாதிகளோடு சேர்ந்து கேட்பதற்கு இதனிலும் பொருத்தமான விடயம் வேறில்லை.

அதுவரைக்கும் நீதிமன்றத்திற் செய்யவேண்டியவை உண்டு. அடிப்படை உரிமை மனு எழுதும் நியாயவாதிகள் சமவாயத்தைத் தனி உரிமையாகக் காட்டாமல், அரசியலமைப்பின் உறுப்புரைக்குப் பொருள்காணும் துணையாகக் காட்டுவார்களாக. 2000ஆம் ஆண்டின் இரு தீர்ப்புகளும் அதற்கு வழி. மூன்று வாசகங்களின் நகலும் இந்த மேசையில் இருக்கின்றது. சட்டம் தெரிந்தோர் அதன் சொற்களைத் திருத்தித் தருக. கமக்காரப் பெருமக்கள் தத்தம் சங்கக் கூட்டத்தில் அதனை உரக்கப் படிப்பித்து, விளங்காத சொல் எதுவென்று குறித்து அனுப்புக. உங்களுக்கு விளங்காத சொல் எதனையும் அந்த நகலில் நாம் விட்டுவைக்கப்போவதில்லை.